கார்டா ஏரிக்கரையில் குடும்பத்தோடு ஒரு வாரம் ஓய்வாக இருப்பது எப்படி

இத்தாலிக்குப் போகிறோம் என்றதும் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று நாளுக்கு ஓர் ஊராகத் திட்டம் போட்டு, குழந்தைகளையும் வயதான அம்மா அப்பாவையும் ரயில் ரயிலாக ஏற்றி இறக்கி, வீடு வந்து சேர்ந்ததும் இரண்டு நாள் படுத்துத் தூங்குபவர்கள்தான் நம்மில் அதிகம். ஊர் பார்ப்பது வேறு, ஓய்வு வேறு. உங்களுக்கு வேண்டியது ஓய்வு என்றால் வடக்கே ஓர் ஏரிக்கரைக்குப் போய், ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்குங்கள், பெட்டியை ஒரு முறைதான் பிரிக்க வேண்டும், ஒரு முறைதான் கட்ட வேண்டும். நான் சொல்வது கார்டா ஏரி. கோமோ ஏரியின் அழகை யாரும் மறுக்க முடியாது, ஆனால் அங்கே கரை செங்குத்து, எங்கே பார்த்தாலும் படிக்கட்டு, சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாட இடம் குறைவு. குடும்பத்துக்குக் கார்டாதான்.

எந்தக் கரையில் அறை எடுக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இத்தாலியிலேயே பெரிய ஏரி இது. பரப்பு சுமார் 370 சதுர கிலோமீட்டர், தெற்கு வடக்காக 50 கிலோமீட்டருக்கு மேல் நீளம். வடக்கே ரீவா, டோர்போலே பக்கம் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும், பார்க்க மிரட்டலாக இருக்கும், காற்றுப்பாய்ச் சறுக்கு விளையாடும் இளைஞர்களுக்கு அது சொர்க்கம். தெற்கே நிலம் விரிந்து தட்டையாகிவிடும். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் தென்கிழக்குக் கரையில் பெஸ்கியேரா, லாட்சீசே, பார்டோலினோ, கார்டா என்ற நான்கு ஊர்களில் ஒன்றைப் பிடியுங்கள். கரையோரமாக மேடு பள்ளம் இல்லாத நடைபாதை லாட்சீசேயிலிருந்து பார்டோலினோ வழியாகக் கார்டா ஊர் வரை போகிறது. முழங்கால் வலிக்காரரும் தள்ளுவண்டிக் குழந்தையும் ஒன்றாகப் போகக்கூடிய பாதை அது, சாயங்காலம் ஊரே அங்கேதான் நடக்கும்.

அறை பார்க்கும்போது "ஏரியிலிருந்து 200 மீட்டர்" என்று போட்டிருந்தால் உடனே நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள், வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கிழக்குக் கரை நெடுகப் போகும் கார்டெசானா சாலையில் கோடையில் வண்டிகள் ஓயாது. உங்கள் விடுதி அந்தச் சாலைக்கு மலைப்பக்கம் இருந்தால் ஈரத் துண்டும் மிதவையும் பிள்ளையுமாக ஒவ்வொரு தடவையும் அதைக் கடந்தாக வேண்டும். ஏரிப்பக்கம் இருந்தால் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிப் போய்க் குதிக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பே இல்லை. பெஸ்கியேராவுக்கும் லாட்சீசேக்கும் நடுவில் சாலைக்கும் தண்ணீருக்கும் இடையிலேயே பெரிய பெரிய முகாம் கிராமங்கள் இருக்கின்றன. முகாம் என்றதும் கூடாரம் என்று நினைக்க வேண்டாம், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை, முன்னால் சின்னத் திண்ணை என்று மரவீடுகளே வாடகைக்குக் கிடைக்கும். நீச்சல்குளம், விளையாட்டுத் திடல், கடை எல்லாம் உள்ளேயே இருக்கும். சமையலறை வேண்டாம், கையை நனைக்கவே மாட்டேன் என்பவர்கள் காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சேர்ந்த கட்டணத்தில் ஹோட்டல் எடுக்கலாம்.

பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள்: அறையில் ஏசி உண்டா, லிப்ட் உண்டா, படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா, கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் போட இடம் இருக்குமா. ஊராட்சிக்கான தங்கல் வரி ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடையாது. நீச்சல்குளத்தில் தலையுறை போட்டால்தான் இறங்க விடுவார்கள் என்ற விதி இத்தாலியில் பல இடங்களில் உண்டு, ஆளுக்கொன்று வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

எப்போது போவது? ஜூன், இல்லையென்றால் செப்டம்பர். மே மாதம் கரை முழுக்கப் பூவாக இருக்கும், ஆனால் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதற்கும் விடுமுறை, அதை ஒட்டிய வாரங்களில் அறை விலை ஏறும், சாலை அடைபடும், தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தேயை ஒட்டி ஜெர்மனியின் பவேரியாவில் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் லீவு, அவர்களுக்குக் கார்டா கூப்பிடு தூரம், அந்த நாட்களில் கூட்டம் இருக்கும். நவம்பரில் போகாதீர்கள், பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும்.

போவதற்கு எளிய வழி ரயில். மிலான்–வெனிஸ் பாதையிலேயே பெஸ்கியேரா நிலையம் இருக்கிறது, வெரோனாவிலிருந்து கால் மணி நேரம்தான். உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம்மவர்கள் காரில் வருவதானால் சனிக்கிழமையைத் தவிருங்கள், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கோட்ஹார்ட் சாலைச் சுரங்கத்துக்கு முன்னால் பிள்ளைகள் பசியில் அழ அழ நிற்க வேண்டிவரும். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே நேரம் வாங்குங்கள்.

இனி தண்ணீர். கார்டாவில் மணல் எதிர்பார்க்காதீர்கள், கரையெல்லாம் கூழாங்கல். முதல் அடி வைக்கும்போதே உள்ளங்காலில் குத்தும், பிள்ளை "தூக்கு" என்று கை நீட்டும். ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி போட்டுவிட்டால் அதே பிள்ளை மதியம் வரை தண்ணீரை விட்டு வராது. தெற்குக் கரையில் ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். வடக்கே அப்படியில்லை, ஏரியின் மிக ஆழமான இடம் 346 மீட்டர், அங்கெல்லாம் கரையை ஒட்டியே சட்டென்று இறங்கிவிடும். நீந்தத் தெரியாத பிள்ளைக்குக் காற்றடித்த மிதவை போதாது, சரியான அளவில் உயிர்காப்பு அங்கி வாங்கிப் போடுங்கள். காற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். விடிகாலையில் வடக்கிலிருந்து பெலேர் என்ற காற்று இறங்கும், மதியவாக்கில் தெற்கிலிருந்து ஓரா கிளம்பும், நல்ல வெயில் நாளில் கண்ணாடி மாதிரி கிடந்த ஏரி சாப்பிட்டு வருவதற்குள் அலையடிக்கும். வடக்கே இது பலமாக இருக்கும், தெற்கே மிதம். எங்கே இருந்தாலும் மிதவைப் படுக்கையைக் காற்று உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அதில் பிள்ளையைத் தனியாக விடவே கூடாது.

ஆகவே ஒரு நாளின் போக்கு தானாகவே அமைந்துவிடும். காலையில் ஏரி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, வெயில் நேரத்தில் எல்லோரும் தூக்கம், ஐந்து மணிக்கு மேல் மறுபடியும் தண்ணீர், அப்புறம் ஐஸ்கிரீம், நடை. கடைக்காரர்களே மதியம் கதவைச் சாத்திவிட்டுப் போகிற ஊரில் நாம் மட்டும் வெயிலில் அலைவானேன்?

வெளியே போக வேண்டாம் என்று சொல்லவில்லை, வாரத்தில் இரண்டு மூன்று போதும் என்கிறேன். என் முதல் தேர்வு கிழக்குக் கரையில் வடக்கே இருக்கும் மால்செசினே ஊர். கரையிலிருந்து மோன்டே பால்டோ மலைக்குக் கேபிள் கார் ஏறுகிறது, நடுவில் ஒரு நிலையத்தில் மாற வேண்டும், இரண்டாவது கூண்டு மெதுவாகச் சுழன்றுகொண்டே 1,760 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். சன்னல் ஓர இடத்துக்கு யாரும் சண்டை போட வேண்டியதில்லை, ஏரி எல்லோர் முன்னாலும் ஒரு சுற்று வரும். மேலே கோடையில் மாடுகள் கழுத்து மணி குலுங்க மேய்ந்துகொண்டிருக்கும். கீழே வியர்த்தாலும் மேலே குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம். காலையில் முதல் வண்டிகளிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை நீளும்.

தெற்குக் கரையிலிருந்து ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனையில் உள்ள சிர்மியோனே ஊருக்குப் படகில் போங்கள், காரில் போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். தண்ணீருக்குள் நிற்கும் கோட்டை, முனையில் ரோமானிய மாளிகையின் இடிபாடு, கந்தக வெந்நீர்க் குளியல் மூன்றும் அங்கே உண்டு. அம்மா அப்பாவுக்காக என்றால் வலேஜோ ஊரில் இருக்கும் சிகுர்த்தா பூங்கா. 60 ஹெக்டேர் என்றதும் மலைக்க வேண்டாம், உள்ளே சின்ன ரயில் ஓடுகிறது. பெரிய பிள்ளைகள் 1975-இல் தொடங்கிய கார்டாலாண்டு கேளிக்கைப் பூங்காவைக் கேட்காமல் விட மாட்டார்கள், அதற்கு முழு நாள் ஒதுக்கிவிட்டு மறுநாளை வெறுமனே விடுங்கள்.

சாப்பாட்டில் நேரம்தான் முக்கியம். இரண்டரைக்கு மூடிய உணவகம் இரவு ஏழுக்குத்தான் திறக்கும், நடுவில் பசிக்கும் பிள்ளைக்கு ரொட்டியும் பழமும் கையில் இருக்கட்டும். பில்லில் ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ மேசைக் கட்டணம் இருக்கும், ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது வழக்கம். சைவக்காரர்கள் "சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே" என்று சொல்லிவிடுங்கள், கறியும் மீனும் இல்லாமல் என்று அர்த்தம். வலேஜோவின் பேர்பெற்ற டோர்டெல்லினி என்ற மாவுக் கொழுக்கட்டைக்குள் கறி இருக்கும், ரிசோட்டோ என்ற அரிசி உணவைக் கறிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. பூசணி வைத்த டோர்டெல்லி சற்று இனிப்பாக இருந்தாலும் நன்றாகவே இருக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் ஏரி மீனைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்மதி அரிசி சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும், ரசப்பொடி, பருப்புப்பொடி மட்டும் எடுத்துப் போனால் மரவீட்டுச் சமையலறையில் பத்து நிமிட வேலை. இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா கொண்டுவராதீர்கள், பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் அனுமதி இல்லை.

கிளம்புகிற நாளில் காலை பத்து மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். முந்தின இரவே கணக்கை முடித்து, பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிடுங்கள், நீச்சலுடையையும் ஒரு துண்டையும் தனிப்பையில் போடுங்கள், சாயங்கால ரயிலுக்குச் சீட்டு எடுங்கள். அந்தப் பகல் முழுக்கவும் ஏரிக்கரையிலேயே கழிக்கலாம்.