64 ஜிபி பென்ட்ரைவ் சில எம்பி மட்டும் காட்டுகிறதா? டிஸ்க்பார்ட்டில் சரிசெய்யலாம்

உபுண்டு என்ற லினக்ஸை இறக்கி, எச்சர் என்ற மென்பொருளால் பென்ட்ரைவில் எழுதி, லப்டொப்பில் போட்டு முடித்தாயிற்று. இனி ட்ரைவைப் பழையபடி பாட்டுக்கும் படத்துக்கும் பாவிப்போம் என்று வின்டோஸில் செருகினால், 64 ஜிபி இருக்கவேண்டிய இடத்தில் சில எம்பிதான் தெரிகிறது. வலது கிளிக் செய்து போர்மட் கொடுத்தாலும் அந்தச் சில எம்பிதான் போர்மட் ஆகிறது. ட்ரைவ் செத்துப்போச்சு என்று புதிது வாங்கக் கஸ்தூரியார் வீதிக்கு வெளிக்கிட வேண்டாம். நீங்கள் இறக்கிய உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்புக்குள் ஏற்கெனவே ஒரு பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது ட்ரைவ் எப்படித் துண்டு பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு, இருக்கிறது. எச்சர் அதையும் சேர்த்து அப்படியே எழுதிவிடும். அந்த அட்டவணையில் தனக்கு விளங்குகிற சின்னத் துண்டை மட்டும் வின்டோஸ் காட்டுகிறது. அதை அழித்துப் புதிதாக எழுதினால் முழு இடமும் திரும்பக் கிடைக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், 'டிலீட் வொல்யூம்' பல நேரம் மங்கலாகக் கிடக்கும், அமத்தவே விடாது. இணையத்தில் இலவசம் என்று கிடைக்கும் பார்ட்டிஷன் மென்பொருள்களை நான் தொடுவதில்லை. பாதி வேலையில் காசு கேட்கும். வின்டோஸுக்குள்ளேயே இருக்கிற டிஸ்க்பார்ட் காணும்.

கொமாண்டுகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். ஃபோனில் தம்பிக்கோ மச்சானுக்கோ வாசித்துச் சொல்ல வசதி. தட்டுவது ஆங்கில எழுத்தில். ஒவ்வொரு வரிக்கும் பிறகு என்டர்.

கொமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்பார்ட் என்று தட்டுங்கள். பிறகு:

லிஸ்ட் டிஸ்க்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று ஒரு பட்டியல் வரும். பெயர் இருக்காது, எண்ணும் அளவும்தான். 64 ஜிபி ட்ரைவ் 64 என்று காட்டாது, 57இலிருந்து 59 வரை ஏதோவொன்றைக் காட்டும். பெட்டியில் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட்; வின்டோஸ் 1,073,741,824 பைட்டை ஒரு ஜிபியாக எண்ணுகிறது. அதனால்தான் இந்த வித்தியாசம், கடைக்காரர் ஏமாற்றவில்லை. அளவு மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. பக்கத்தில் இன்னொரு 64 ஜிபி மெமரி கார்ட் செருகியிருந்தால் இரண்டும் ஒரேமாதிரித்தான் தெரியும். பென்ட்ரைவைக் கழற்றிவிட்டு லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள். திரும்பச் செருகி இன்னொரு தடவை கொடுங்கள். எந்த வரி காணாமல் போய்த் திரும்பி வந்ததோ அதுதான் உங்கள் ட்ரைவ். அது 2 என்று வைத்துக்கொள்வோம்:

செலக்ட் டிஸ்க் 2
டீட்டெயில் டிஸ்க்

இரண்டாவது வரி ட்ரைவின் பெயரைச் சொல்லும். 'டைப்' என்ற இடத்தில் யூஎஸ்பி என்றிருக்க வேண்டும். இன்னொருக்கால் லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால், தேர்ந்தெடுத்த வரிக்கு இடப்பக்கம் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். வடிவாகப் பாருங்கள். அடுத்த கொமாண்ட் 'சரியா, இல்லையா' என்று கேட்காது. நேற்று 2 ஆக இருந்தது இன்றைக்கும் 2 என்றும் இல்லை. வேறு ட்ரைவ் செருகியிருந்தால் எண் மாறும்.

நட்சத்திரம் சரியான வரியில் நின்றால்:

கிளீன்
கொன்வர்ட் எம்பிஆர்

'அக்சஸ் இஸ் டினைட்' என்று வந்தால் ட்ரைவின் சாளரம் எங்கோ திறந்திருக்கும். மூடிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். எம்பிஆர், ஜிபிடி இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையின் வகைகள். ஜிபிடி புதியது, எம்பிஆர் எதற்கு என்று கேட்பீர்கள். ஓட்டோ, வான் செட்டுகளில் பல எம்பிஆரும் ஃபட்32 என்ற போர்மட்டும் இருந்தால்தான் பாடும்.

சரி, இப்போது பிரிப்போம். முழு 64 ஜிபியையும் ஃபட்32 ஆக்கப் போனால் 'வொல்யூம் சைஸ் இஸ் டூ பிக்' என்று டிஸ்க்பார்ட் மறுத்துவிடும். 32 ஜிபிக்கு மேல் ஃபட்32 போர்மட் செய்வதில்லை என்பது வின்டோஸ் தானாக வைத்துக்கொண்ட எல்லை, ஃபட்32இன் எல்லை அல்ல. 2024இல் வின்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பொன்றில் கொமாண்ட் லைனுக்கு அதை 2 டிபி வரை உயர்த்தினார்கள். வீட்டில் இருக்கும் பழைய வின்டோஸில் அது இல்லை. நான் செய்வது இரண்டு துண்டு: பாட்டுக்கு ஃபட்32, கலியாண வீடியோவுக்கு எக்ஸ்ஃபட் என்ற இன்னொரு போர்மட். ஃபட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது. ஸ்டூடியோவில் தரும் முழுநீள வீடியோ பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி சைஸ்=32000
போர்மட் எஃப்எஸ்=ஃபட்32 குயிக்
அசைன்
கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி
போர்மட் எஃப்எஸ்=எக்ஸ்ஃபட் குயிக்
அசைன்
எக்ஸிட்

சைஸ் எம்பியில். சமக்குறிக்கு இருபக்கமும் இடைவெளி விடாதீர்கள். 'போர்மட் செய்யவா' என்று வின்டோஸ் நடுவில் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினால் கேன்சல். குயிக் என்ற சொல்லை விட்டால் ட்ரைவ் முழுவதையும் தடவிப் பார்க்கத் தொடங்கும், அதற்குள் கரண்ட் போனாலும் போகும். ஃபட்32 துண்டு முதலாவதாக இருக்கட்டும், பல செட்டுகள் முதல் பார்ட்டிஷனை மட்டும்தான் பார்க்கும். வேறு விளக்கங்களில் 'அக்டிவ்' என்றொரு வரியும் வரும். அது கணினியை பூட் செய்வதற்கு, பாட்டுக்குத் தேவையில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பார்ட்டட் பாவியுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், 32 ஜிபி தொல்லையும் இல்லை.

பிற்சேர்க்கை: இரண்டாவது துண்டு தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். வின்டோஸ் 7இல் தெரியாதுதான். கழற்றக்கூடிய ட்ரைவில் ஒன்றுக்கு மேற்பட்ட பார்ட்டிஷனை வின்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்துதான், அதாவது 2017இலிருந்து, காட்டுகிறது. பழைய கணினிக்கும் கொண்டுபோவதென்றால் பிரிக்காமல் ஒரே எக்ஸ்ஃபட்டாக விடுங்கள். கனடாவிலிருந்து வரும் அக்காவின் மக் கணினியிலும் எழுதலாம். வின்டோஸின் என்ரிஎஃப்எஸ் போர்மட் என்றால் மக் வாசிக்க மட்டும்தான் செய்யும்.

இன்னொன்று: ட்ரைவை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கிளீன் போதாது. அது அட்டவணையை மட்டும் அழிக்கிறது. படங்களை ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் தோண்டி எடுத்துவிடும். 'கிளீன் ஓல்' கொடுத்தால் முழுவதும் பூச்சியத்தால் நிரம்பும். நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

'ரைட் ப்ரொடெக்டட்' என்று வருபவர்கள், டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்த பிறகு 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' கொடுத்துப் பாருங்கள். மெமரி கார்ட் என்றால் அடப்டரின் பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டையும் பாருங்கள், அது கீழே இறங்கியிருக்கும். இரண்டுக்கும் மசியாவிட்டால், உள்ளிருக்கும் சிப் தேய்ந்து எழுதுவதைத் தானாக நிறுத்தியிருக்கக்கூடும். அதை எந்தக் கொமாண்டும் எழுப்பாது. வாசிக்க விடுகிற வரைக்கும் உள்ளே இருப்பதைக் கொப்பி பண்ணிவிட்டு, அப்போது கஸ்தூரியார் வீதிக்கு வெளிக்கிடலாம்.