ஊரடங்கில் ஒரு வாரக் காய்கறியை வீணாக்காமல் ஓட்டுவது எப்படி?

2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் முந்தின நாளே கடைகளில் கூட்டம் அலைமோதியது. 2021 மே 24 அன்று தளர்வில்லா ஊரடங்கு தொடங்கும் முன்பும் அதே கதைதான். கையில் அகப்பட்டதை அள்ளிவந்த வீடுகளில் நாலாம் நாளே கொத்தமல்லி கொழகொழத்தது, ஐந்தாம் நாள் கத்தரிக்காய் சுருங்கியது. அதிகமாக வாங்கியதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிதான் உண்மை. வைரஸுக்குப் பயந்து எல்லாக் காயையும் மொத்தமாகக் கழுவி, ஈரம் காயாமல் ஃபிரிட்ஜில் திணித்தது மீதிப் பாதி. காய் ஒரு வாரம் நிற்குமா நிற்காதா என்பது பை வீட்டுக்குள் வந்த முதல் ஒரு மணி நேரத்தில் தீர்மானமாகிவிடும்.

முதலில் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கு 300 முதல் 400 கிராம், குழம்பில் போட 150 முதல் 200 கிராம் போதும். வெங்காயம், தக்காளி நீங்கலாக வாரத்துக்கு நாலு கிலோவுக்குச் சற்று மேலே. அதற்கு மேல் வாங்குவதென்றால் கிழங்காகவோ முழுப் பூசணியாகவோ இருக்கட்டும்.

கழுவுவதில் எச்சரிக்கை

சோப்பு, டிடர்ஜென்ட், கிருமிநாசினி எதுவும் காயில் படக்கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் சொன்னதும் இதுதான்: வாங்கிய பையை முதலில் தனியாக வைத்துவிட்டு, பிறகு வெதுவெதுப்பான நீரில் அலசி, குடிக்கும் தண்ணீரில் இன்னொரு முறை அலசினால் போதும். கீரையின் மடிப்புகளிலும் காலிஃபிளவரின் இடுக்குகளிலும் போன சோப்பு எத்தனை அலசினாலும் முழுசாக வெளியே வராது.

எல்லாவற்றையும் அன்றே கழுவவும் வேண்டாம். தக்காளி, கத்தரி, பீன்ஸ், கேரட், குடைமிளகாய் இவற்றைக் கழுவலாம். சின்ன வெங்காயம், பூண்டு, உருளை, இஞ்சி, கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் சமைக்கும் நேரத்தில்தான் தண்ணீர் பார்க்க வேண்டும். வெண்டைக்காயை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுநாளே வழவழக்கும். கழுவியதைப் பழைய வேட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மின்விசிறியடியில் ஒரு மணி நேரம் விடுங்கள். காம்பைச் சுற்றியுள்ள குழியைத் தொட்டுப் பாருங்கள். மேலெல்லாம் காய்ந்தபின்னும் அங்கே ஈரம் நிற்கும், அழுகல் தொடங்குவது அங்கேதான்.

அடிபட்டது, ஓட்டை விழுந்தது, ஒரு பக்கம் மெத்தென்று ஆனது எல்லாவற்றையும் இப்போதே பிரித்து எடுத்து அன்றைய சமையலுக்கு வையுங்கள். அழுகிய தக்காளி ஒன்று பக்கத்தில் உள்ள நாலைக் கெடுக்கும்.

எதை எப்படி வைப்பது

கொத்தமல்லிக் கட்டைப் பிரித்ததும் உள்ளே நசுங்கிக் கறுத்த இலைகள் இருக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்து, வேரை நறுக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் தளரச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை துணியைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் மாற்ற வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். செய்தித்தாளில் சுற்றுவது பழக்கம்தான், ஆனால் மை இலையில் ஒட்டும், துணியே மேல். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட வேண்டும். கறிவேப்பிலையை உருவி, நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள்.

தக்காளி காயாக இருந்தால் வெளியே, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக. பழுத்ததும் ஃபிரிட்ஜுக்கு. வாழைப்பழத்தைக் கீரைக்கும் காய்க்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும்போது அது விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும். உருளையும் வெங்காயமும் ஒரே கூடையில் இருந்தால் இரண்டுமே சீக்கிரம் முளைவிடும் அல்லது அழுகும். உருளைக்கு இருட்டு வேண்டும், வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் தீர்த்துவிடுங்கள், கெடுவது அதுதான் முதலில். மற்ற மூடியைத் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃபிரீசரில் போடலாம்.

சமைக்கும் வரிசையில்தான் பல வீடுகள் தவறுகின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முதல் நாளே உருளை வறுவல், மூன்றாம் நாள் பார்த்தால் கீரை பழுத்திருக்கும். முதல் இரண்டு நாள் கீரை, வாழைப்பூ, காளான். அடுத்து வெண்டை, கத்தரி, பீன்ஸ். பிறகு புடலை, பீர்க்கு, முருங்கை. வாரக் கடைசிக்கு முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட், சௌசௌ. உருளை, சேனை, பூசணி எல்லாவற்றுக்கும் பின்னால். பூசணியைக் கீற்றாக வாங்கினால் விதையையும் நாரையும் சுரண்டி எடுத்துவிட்டு வையுங்கள்.

தக்காளி ஒரேயடியாகப் பழுத்துவிட்டால் தொக்குதான் வழி. ஒரு கிலோவுக்கு 100 மில்லி நல்லெண்ணெய், எலுமிச்சை அளவு புளி, இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, கொஞ்சம் வெந்தயப்பொடி, பெருங்காயம். சிறு தீயில் முக்கால் மணி நேரம் வரை ஆகும். தெறிப்பது நின்று எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை இறக்கக் கூடாது. தெறிக்கிறதென்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் பின்னால் பூசணம் பிடிக்க வைக்கும். ஆறியபின் உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் அடைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள்.

மிஞ்சிய சோறும் மாவும்

சமைத்த சோறு வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியில் கிடக்கக் கூடாது. சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே மணம் நன்றாக இருக்கிறது என்று நம்பித் தாளிக்காதீர்கள். இரவு பழைய சோறு போடுவதென்றால் சோறு ஆறியவுடனே, இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். அது மறுநாள் காலைக்கு மட்டும். கையில் எடுத்தால் நூல் விட்டாலோ புளிப்பு தாண்டிய வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

நம் ஊரடங்குகள் இரண்டும் சித்திரை வைகாசி வெயிலில் வந்தது ஒரு வசதி. வடகம் போட அதைவிட நல்ல காலம் கிடையாது. மதியம் மிஞ்சி உடனே ஃபிரிட்ஜில் வைத்த சோறு இரண்டு கப்புக்கு மூன்று பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், சிட்டிகை பெருங்காயம், முக்கால் தேக்கரண்டி உப்பு. காலையில் கெட்டியாக அரைத்து, துணியில் கிள்ளி வையுங்கள். மாவைச் சுவைக்கும்போது உப்பு சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்தால் அது கூடித் தெரியும். முதல் நாள் மாலை துணியின் அடிப்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் உரிந்து வரும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நாள். உடைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. கடலோர ஊர்களில் மாலைக் காற்றில் ஈரம் ஏறும், நாலு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள்.

கொத்தவரங்காய் முற்றத் தொடங்கினால் உப்புநீரில் ஒரு கொதி விட்டு வடித்து, அதே வெயிலில் வற்றலாக்கலாம். அரைக் கிலோ குண்டு மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவையுங்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே மோர். மோர் முழுவதும் இழுத்துக்கொண்டபின் மொறுமொறுவென்று காயவிட்டால் மோர் மிளகாய்.

இட்லி மாவு நாலுக்கு ஒன்று என்று அரைத்தாலும் முழுவதையும் வெளியில் பொங்கவிட வேண்டாம். பாதியை அரைத்த கையோடு ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய நாளுக்கு முந்தின இரவு வெளியே எடுங்கள். மே மாதப் புழுக்கத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. புளித்துப் போனதில் ஒரு பிடி அரிசி மாவு, வெங்காயம், மிளகாய் சேர்த்துக் குழிப்பணியாரம்.

2020 ஏப்ரலில் ரேஷனில் இலவச அரிசியும் பருப்பும் வந்தபோது பல வீடுகளில் மளிகை குவிந்தது. பருப்பை வெயிலில் காயவைக்கலாம், அரிசியைக் கூடாது. சுள்ளென்ற வெயிலில் அரிசி நொறுங்கும். நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். எதையும் சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்வை கட்டும், வண்டு வர அது போதும். ரவையை வாங்கியவுடன் வறுத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் மிஞ்சும் தோல், காம்பு, அழுகலுக்கு, அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட பழைய பெயிண்ட் வாளி. ஒரு பங்கு கழிவுக்கு ஒன்றரைப் பங்கு காய்ந்த சருகு அல்லது தென்னை நார்த்தூள், மேலே ஒரு கரண்டி புளித்த மோர். மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள். நாற்றமோ புழுவோ வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம், இரண்டு கை சருகு போட்டுக் கிளறினால் அடங்கிவிடும்.