போட்டி ரோபோவுக்கு ஜைரோ: புறக்கோட்டையில் வாங்குவது முதல் 90 பாகை திரும்புவது வரை

மோட்டரை இத்தனை மில்லிசெக்கன் ஓட்டினால் 90 பாகை திரும்பும் என்று கணக்கு வைத்து எழுதிய ரோபோ, பற்றரி சற்று இறங்கியதுமே கோணம் தவறும். எவ்வளவு திரும்பியது என்று ஜைரோவால், அதாவது சுழல் வேகத்தை அளக்கும் சென்சரால், அளந்து நிறுத்தும் ரோபோவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆர்டுயினோவில் மோட்டரை முன்னும் பின்னும் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த விளக்கம்.

வாங்கும்போது

எம்பியு-6050 என்ற ஜைரோச் சிப் உள்ள ஜிவை-521 பலகையே போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து இலத்திரனியல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உள்ளூர் இணையக் கடைகளிலும் கிடைக்கும். சீனாவிலிருந்து நேரே தருவித்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். இரண்டு பலகை வாங்குங்கள். ரோபோ மக்கர் பண்ணும்போது பிழை சென்சரிலா வயரிலா என்று மாற்றிப் போட்டுப் பார்க்க இரண்டாவது கட்டாயம் வேண்டும்.

காந்தத் திசைகாட்டியும் சேர்ந்த ஒன்பது அச்சுப் பலகை வேண்டாம். மோட்டருக்குள் காந்தம், மண்டபத் தரைக்குள் இரும்புக் கம்பி. இரண்டும் திசைகாட்டியைக் குழப்பும். சில நிமிட ஓட்டத்துக்கு ஜைரோ தனியே தாக்குப்பிடிக்கும்.

மோட்டர் டிரைவரில் எல்298என்-ஐ விட டிபி6612 நல்லது. முன்னது ஏறக்குறைய 2 வோல்டைத் தானே விழுங்கிவிடும், 7.4 வோல்ட் பற்றரியில் அது கால்வாசிக்கும் மேல். கூடவே 104 என்று அச்சிட்ட செராமிக் கப்பாசிட்டர் ஆறு, 470 மைக்ரோபரட் ஒன்று, 5 வோல்டுக்கு இறக்கும் பக் கன்வேர்ட்டர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோல்டர், வயர், முதல் சோதனை

பலகையோடு வரும் ஊசி வரிசை பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். துளைக்குள் சும்மா செருகிவிட்டுப் பார்க்காதீர்கள். விரலால் அழுத்தினால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். நான்கு ஊசிதான் தேவை, ஆனாலும் எட்டையும் சோல்டர் செய்யுங்கள், பலகை அசையாது. நல்ல இணைப்பு ஊசியின் அடியில் சிறு குன்று போலச் சரிந்து பளபளக்கும். உருண்டையாக நின்றால் ஈயம் பலகையில் ஒட்டவில்லை. இன்னொரு முறை சூடு காட்டுங்கள்.

ஆர்டுயினோ ஊனோவில்:

விசிசி → 5 வோல்ட்
ஜிஎன்டி → ஜிஎன்டி
எஸ்டிஏ → ஏ4
எஸ்சிஎல் → ஏ5

பலகையில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருப்பதால் 5 வோல்ட் கொடுக்கலாம். இஎஸ்பி32 என்றால் வழக்கமாக எஸ்டிஏ 21, எஸ்சிஎல் 22, விசிசிக்கு 3.3 வோல்ட்.

மோட்டரை இன்னும் இணைக்க வேண்டாம். சென்சரும் ஆர்டுயினோவும் எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்களில் பேசும் முறைக்கு ஐ2சி என்று பெயர். ஐ2சி ஸ்கேனர் நிரலை ஓட்டினால் பதினறும எண்ணில் 68, அதாவது தசமத்தில் 104, முகவரியாக வர வேண்டும். அடுத்து சிப்பின் 117ஆம் பதிவேட்டை (சிப்புக்குள் எண்ணிட்ட நினைவு இடம்) வாசியுங்கள். 104 வந்தால் உள்ளே இருப்பது எம்பியு-6050. 112 வந்தால் எம்பியு-6500. ஒரே பலகையில் இரண்டும் விற்பனைக்கு வருகின்றன, பயப்பட வேண்டாம். ஆயத்த நூலகம் "இணைப்பு இல்லை" என்று மறுப்பது பல நேரம் இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஜைரோப் பதிவேடுகள் இரண்டிலும் ஒன்றே. நேரடியாக வாசித்தால் வேலை முடியும்.

மேசையில் ஓடும், தரையில் உறையும்

அதிக நேரத்தைத் தின்னும் பிழை இதுதான், ஆறுதலாகப் படியுங்கள். யூஎஸ்பியில் எல்லாம் சரியாக வரும். மோட்டரைக் கொடுத்து ஓட்டினால் சில செக்கனில் நிரல் உறைந்து, ரோபோ கடைசியாகக் கிடைத்த கட்டளையோடு சுவரில் போய் முட்டும். சென்சர் பழுது என்று புதிதாக வாங்கினாலும் அதேதான் நடக்கும்.

காரணம் கிரவுண்ட், அதாவது ஜிஎன்டி. மோட்டர்கள் புறப்படும் கணத்தில் 2 ஆம்பியர் இழுக்கின்றன என்று வையுங்கள். மெல்லிய ஜம்பர் வயரும் அதன் தளர்ந்த முனையும் சேர்ந்து 0.1 ஓம் என்றால், அந்த வயரில் 0.2 வோல்ட் எழும். சென்சரும் அதே வயரில் கிரவுண்ட் எடுத்தால், அதன் பூச்சியமும் ஆர்டுயினோவின் பூச்சியமும் வேறாகிவிடும். சென்சரின் சிக்னல் 3.3 வோல்ட்; 5 வோல்டில் ஓடும் ஊனோ அதை "1" என்று ஏற்க வேண்டிய அளவுக்கு அது ஏற்கெனவே மயிரிழையில்தான் நிற்கிறது. கொஞ்சம் குலுங்கினாலே ஐ2சி பேச்சு அறுந்துவிடும்.

செய்ய வேண்டியது: பற்றரியின் மைனஸிலிருந்து மோட்டர் டிரைவருக்குத் தடித்த வயர் ஒன்று, பக் கன்வேர்ட்டருக்குத் தனி வயர் ஒன்று. சென்சரின் ஜிஎன்டி ஆர்டுயினோ பலகைக்கு மட்டும் போகட்டும். டிரைவரில் காலியாக இருக்கும் துளையில் செருகாதீர்கள். ஒவ்வொரு மோட்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 104 கப்பாசிட்டர், முனையிலிருந்து உலோக உடலுக்கு ஒவ்வொன்று, ஆக மோட்டருக்கு மூன்று. 470 மைக்ரோபரட்டை 5 வோல்ட் தடத்தில் மைனஸ் பக்கம் பார்த்துப் போடுங்கள். மோட்டர் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, சென்சர் வயரை அவற்றிலிருந்து விலக்கி, 20 சென்டிமீட்டருக்குள் வையுங்கள்.

அதற்கு மேலும் ஒரு காப்பு: ஆர்டுயினோவில் ஐ2சிக்கான வயர் (Wire) நூலகத்தில் 2020 முதல் நேர எல்லை வைக்கும் வசதி உண்டு. 3000 மைக்ரோசெக்கன் கொடுத்தால் பேச்சு அறுந்தாலும் நிரல் உறையாது.

எண்களைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். எல்லா அச்சும் -1 என்றால் சென்சர் பதில் தரவில்லை, வயரைப் பாருங்கள். எல்லாம் அசையாத 0 என்றால் சென்சர் தூங்குகிறது. மின்சாரம் ஒரு கணம் விழுந்து எழுந்தால் அது தூக்க நிலைக்குத் திரும்பிவிடும். 107ஆம் பதிவேட்டில் 0 எழுதினால் விழிக்கும். ஓட்டத்தின் நடுவே 0 வந்தால் மின்வழங்கலைத்தான் திருத்த வேண்டும்.

பொருத்தலும் கணக்கும்

ஜைரோ ரோபோவின் நடுமையத்தில் இருக்க வேண்டியதில்லை. உறுதியான உடலில் எந்த மூலையிலும் சுழல் வேகம் ஒன்றே. ஆனால் பலகை தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். 10 பாகை சாய்ந்தால் 90 பாகைத் திருப்பம் 88.6 என்றுதான் தெரியும். அதிர்வைத் தாங்க இருபக்கம் ஒட்டும் பஞ்சு டேப் போதும்.

தொடக்கத்தில் ஜைரோ 250 பாகை/செக்கன் எல்லையில் இருக்கும். கால் செக்கனில் 90 பாகை திரும்பும் ரோபோ 360ஐத் தொடுகிறது, ஆகவே அது போதாது. 27ஆம் பதிவேட்டில் 8 எழுதினால் எல்லை 500 ஆகும், வாசிப்பை 65.5ஆல் வகுத்தால் பாகை/செக்கன். 26ஆம் பதிவேட்டில் 3 எழுதினால் அதிர்வின் இரைச்சல் வடிகட்டப்படும்.

அசையாத ஜைரோவும் பூச்சியம் காட்டாது. செக்கனுக்கு 20 பாகை வரை பிசகலாம் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளே சொல்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் ரோபோவை அசையாமல் வைத்து, 2 மில்லிசெக்கன் இடைவெளியில் 1000 வாசிப்பு எடுத்துச் சராசரியைக் கழியுங்கள். வெப்பம் மாறினால் இந்தப் பிசகும் மாறும். வெளிவெயிலிலிருந்து ஏசி மண்டபத்துக்குள் போனதும் சென்சரை ஒரு நிமிடமாவது ஓட விட்டுப் பிறகு சராசரி எடுங்கள்.

செங்குத்து அச்சின் வேகம் 71, 72ஆம் பதிவேடுகளில் இருக்கிறது. அதை முந்திய வாசிப்பிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கோணம். நேரத்தை மைக்ரோசெக்கனில் அளந்து எடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். சீரியலில் 9600 வேகத்தில் 20 எழுத்து அச்சிடவே 20 மில்லிசெக்கன் போய்விடும். சோதனைக்கு 115200 வையுங்கள், போட்டியில் அச்சிடுவதையே நிறுத்துங்கள்.

அளவுத் திருத்தத்துக்கு வீட்டு டைல் கோட்டோடு ரோபோவை ஒட்டி வைத்து, கையால் பத்துச் சுற்று சுற்றி, அதே கோட்டில் நிறுத்துங்கள். 3600 வர வேண்டும். 3540 வந்தால் இனி எல்லாக் கோணத்தையும் 1.017ஆல் பெருக்குங்கள். 3 வீதம் வரை இப்படிப் பிசகுவது இந்தச் சிப்பின் இயல்பு.

பிறகு சேர்த்தது

சரியாக அளந்தும் ரோபோ 97, 98இல் நிற்கிறது என்று சிலர் கேட்டார்கள். மோட்டரை 90இல் நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. 65 பாகையிலேயே வேகத்தைப் பாதியாக்கி, 88இல் பிரேக் கொடுங்கள். இந்த இரு எண்ணும் உங்கள் ரோபோவின் எடையைப் பொறுத்து மாறும்.

சில நாள் மட்டும் கோணம் தானாக நகர்கிறது என்பது இன்னொரு கேள்வி. சுவிட்சைப் போட்ட கை ரோபோவின் மேலேயே இருந்திருக்கும். அந்த நடுக்கமும் சராசரியில் சேர்ந்துவிடும். சராசரி எடுத்து முடிந்ததும் எரியும்படி ஒரு எல்ஈடி வையுங்கள். சுவிட்சைப் போட்டுக் கையை எடுத்து, அது எரிந்த பிறகே தொடக்கப் பொத்தானை அழுத்துங்கள்.