வீட்டு அலங்காரத்தில் உங்கள் ஆளுமை வெளிப்பட வேண்டுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டை அலங்கரிக்க முற்படும் பலர் முதலில் தேடுவது ஒரு பாணியின் பெயரைத்தான். மினிமலிஸ்ட், போஹேமியன், ஸ்காண்டிநேவியன் என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அந்தப் பெயரின் கீழ் இணையத்தில் கிடைக்கும் படங்களைச் சேமித்து, அவற்றில் உள்ளபடியே சோஃபாவும் விளக்கும் திரைச்சீலையும் வாங்கிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் வீடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குடியிருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஓர் அடையாளமும் இருப்பதில்லை. பாணிகளைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை, அங்கிருந்து தொடங்குவதுதான் தவறு. சேமித்த படங்களை ஒருசேரப் பரப்பி வைத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். ஜன்னலோர இருக்கையா, திறந்த அலமாரியா, மெருகிடாத மரமா? உங்கள் கண் எதை நாடிப் போகிறது என்பது அப்போது தெரியும்.

உளவியலாளர் சாம் காஸ்லிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தைத் தெளிவாக்குகிறது. அறிமுகமில்லாதவர்களின் அலுவலக அறைகளையும் படுக்கையறைகளையும் சிலரைப் பார்க்கச் செய்து, அறையை மட்டும் வைத்து அதற்குரியவரின் குணங்களைக் கணிக்கச் சொன்னார்கள். புதியனவற்றை நாடும் மனப்பாங்கு போன்ற சில குணங்களில் கணிப்பு நன்றாகவே பொருந்தியது. குணம் அறையில் படிவதற்கு ஆய்வாளர்கள் கூறும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று தெரிந்தே வைக்கும் அறிவிப்புகள்: விருது, போஸ்டர், வாசகம் எழுதிய பலகை. மற்றொன்று, அன்றாடப் பழக்கங்கள் தாமாக விட்டுச்செல்லும் தடயங்கள்: அடையாளச் சீட்டு செருகிய புத்தகங்கள், அடிக்கடி உட்கார்ந்து உறை தேய்ந்த நாற்காலி, அடுக்கிய அல்லது அடுக்காத மேசை. தடயங்களையெல்லாம் அலமாரிக்குள் ஒளித்துவிட்டு அறிவிப்புகளை மட்டும் காசு கொடுத்து வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

எடுத்துக்காட்டாக, சுவரில் மாட்டிய கிதாரைச் சொல்லலாம். நாள்தோறும் வாசிப்பவருடைய கிதாரில் பிடிபலகையின் ஓரம் மங்கியிருக்கும், தந்திகள் புதிதாக மாற்றப்பட்டிருக்கும், எட்டி எடுக்கும் உயரத்தில் அது தொங்கும், பக்கத்தில் கையில்லாத நாற்காலி ஒன்று இருக்கும். அழகுக்காக மாட்டிய கிதார் கைக்கு எட்டாத உயரத்தில், தந்தி துருப்பிடித்து, மேல்விளிம்பில் தூசி படிந்து நிற்கும். வருகிறவர் இரண்டையும் ஒரே பார்வையில் பிரித்தறிந்துவிடுவார். புத்தகங்களை அட்டையின் நிறப்படி அடுக்குவதும் இத்தகையதே. படிக்கிற பழக்கம் உள்ளவர் தேவைப்படும் நூலைத் தேடிக் களைத்து, சில வாரங்களில் அந்த வரிசையைக் கலைத்துவிடுவார். ஆகவே, எதை வைப்பது என்று யோசிக்கும் முன், இந்த வீட்டில் நான் உண்மையில் என்ன செய்கிறேன் என்று எழுதிப் பார்ப்பது நல்லது. தையல் பிடிக்குமானால், இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் வெளிச்சம் விழும் மூலையை அதற்கு ஒதுக்கி, நூற்கண்டுகளைக் கண்ணில் படும்படி அடுக்குங்கள். அதைவிட நேர்மையான அலங்காரம் வேறில்லை.

விருந்தினருக்கென்றே வரவேற்பறையைப் பூட்டிவைத்தாற்போல் பேணுவதும், உள்ளறைகளை அப்படியே விட்டுவிடுவதும் இதே பிழையின் இன்னொரு வடிவம். என்றோ வருபவரின் பார்வைக்காகப் பெரிய அறையைக் கொடுத்துவிட்டு, நாம் வாழ்வது என்னவோ மிஞ்சிய மூலையில்.

நிறத்தில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அவை செலவு மிகுந்தவை. ‘எனக்குப் பிடித்த நிறம்’ என்ற ஒரே காரணத்துக்காக நான்கு சுவருக்கும் அதையே பூசுகிறார்கள். ஆடையில் பிடித்த நிறம், எட்டு மணி நேரம் சூழ்ந்திருக்கும் நிறமாகவும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மேலும், ஷேட் கார்டில் விரலளவாகத் தெரிந்த நிறம் முழுச் சுவரில் அதைவிட அழுத்தமாகத் தோன்றும்; பரப்பு பெரியது என்பதோடு, ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரின் நிறத்தையும் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் இதற்குக் காரணம். எனவே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள வெள்ளை அட்டையில், சுற்றிலும் சிறிது வெள்ளை விட்டு, இரண்டு பூச்சு அடித்து, அதை ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துக் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்த பின் முடிவெடுப்பது முறை. அப்போதும் தயக்கம் நீங்காவிட்டால், அந்த நிறத்தைக் கதவுக்கோ, அலமாரியின் உட்புறத்துக்கோ, மெத்தையணைக்கோ கொடுத்தால் போதும்.

ஆண்டுக்கொரு நிறத்தைத் துரத்துவது வேறொரு வகைப் பிழை. நிறங்களைத் தரப்படுத்தும் பான்டோன் நிறுவனம் ‘ஆண்டின் நிறம்’ என்று 2023-க்கு விவா மெஜன்டாவையும், 2024-க்குப் பீச் ஃபஸ்ஸையும், 2025-க்கு மோக்கா மூஸையும் அறிவித்தது. அடர்சிவப்பு, இளம்பீச், பழுப்பு என்ற மூன்றும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒருவருடைய இயல்பாகவே மாறிவிடுமா என்ன?

நிறத்தைக் கவனமாகத் தேர்ந்தவர்கள்கூட விளக்கில் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பல்பின் அட்டைப்பெட்டியில், ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வரை மஞ்சள் கலந்த இதமான ஒளி. 6500 கெல்வின் நீலம் தோய்ந்த வெள்ளொளி. செம்மண் நிறமும் மரப்பழுப்பும் நிறைந்த அறையில் 6500 கெல்வின் பல்பை மாட்டினால், தேடித் தேர்ந்த அந்தக் கதகதப்பு இரவில் வெளிறிப்போகும். பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள்; விளக்கொளி நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு அது. அது 90-க்கு மேலிருந்தால் பொருள்களின் நிறம் பெரும்பாலும் பிறழாமல் தெரியும். கூரையின் நடுவில் ஒரே விளக்கு என்பதோடு நிறுத்தாமல், படிக்கும் இடத்தில் ஒன்றும், நீங்கள் விரும்பிச் சேர்த்த பொருளின் மேல் விழும்படி ஒன்றுமாகப் பிரித்தால், அறையில் உங்களுக்கு முக்கியமானது எது என்பதை வெளிச்சமே காட்டிக்கொடுத்துவிடும்.

படங்களை மிக உயரத்தில் மாட்டுவது எங்கும் காணக்கூடிய பழக்கம். படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டருக்குள் வந்தால், நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக அமையும். சோஃபாவுக்கு மேலே என்றால், அதன் சாய்வுக்கும் பிரேமுக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி போதும். சேகரித்த சிறுபொருள்களை அறையெங்கும் ஒவ்வொன்றாகத் தெளித்துவிடாமல் ஒரே தட்டில் கூட்டி வையுங்கள். பத்துக் கிளிஞ்சல்கள் பத்து இடங்களில் இருந்தால் ஒழுங்கின்மையாகவும், சேர்ந்திருந்தால் ஓர் ஆர்வமாகவும் தெரியும். குடும்பப் புகைப்படங்களில் நேர்வெயில் படக்கூடாது, சாயம் வெளுத்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே செட்டாக வாங்கி முடிப்பதும் ஆளுமையை அழித்துவிடும். கட்டிலும் நாற்காலியும் விளக்கும் முதலில் வரட்டும். மற்றவை குடியேறிய சில மாதங்களுக்குப் பிறகு, எங்கே உட்காருகிறோம், எந்த மூலை இருட்டுகிறது என்பதெல்லாம் தெரிந்த பின் வரலாம்.

உங்கள் ஆளுமை என்று சொல்லும்போது உடன் இருப்பவர்களை மறந்துவிடலாகாது. ஒருவரின் ரசனை கூடம் முழுவதையும் ஆள, மற்றவருடைய பொருள்கள் பரணுக்குப் போய்விடும் வீடுகள் ஏராளம். பொது அறைகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் அலமாரித் தட்டையோ ஒரு சுவரையோ ஒதுக்கி, அதில் பிறர் கைவைக்காமல் இருப்பது எளிய ஏற்பாடு. பிள்ளையின் தட்டில் உடைந்த பொம்மைக்கார்தான் இருக்கும் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ‘சொந்த வீடு வரட்டும்’ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லையென்றால், பிரேம்களை அகலக் குறைவான அலமாரியின் மேல் சாய்த்து வைக்கலாம். திரைச்சீலை, தரைவிரிப்பு, மேசை விளக்கு, செடித்தொட்டி ஆகிய அனைத்தும் வீடு மாறும்போது கூடவே வருபவை. தரைவிரிப்பை மட்டும், சோஃபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கும் அளவுக்குப் பெரிதாக வாங்கிவிடுங்கள்.