ஒன்றாம் வகுப்பைப் பார்க்க வருகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனதும் எங்கள் பள்ளிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கான பட்டயப் படிப்பான டி.எல்.எட். சேரலாமா என்று யோசிப்பவர்கள், சேர்ந்தபின் வகுப்பறையைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள், ஐ.டி. வேலை சலித்துப்போய் "குழந்தைங்களோட இருந்தா நல்லா இருக்கும்" என்று லீவு போட்டுவிட்டு வருபவர்கள். அனுமதிக் கடிதத்தைப் படித்து முடித்ததும் தலைமை ஆசிரியர் அவர்களை நேராக என் வகுப்பில் கொண்டுவந்து விடுவார். ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புக்கும் நான்தான் டீச்சர்.

வருகிறவர்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். 2009-ல் இதே மாதிரி ஒரு பள்ளியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த நான் செய்ததையே வரி பிசகாமல் செய்கிறார்கள். நேரத்துக்கு வருவது, பாடத்தின் நடுவில் பேசாமல் இருப்பது போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் எடுத்துச் சொல்லாதவை மட்டும் இங்கே.

கடைசியில் நாற்காலி போட்டு உட்காருவது

அங்கிருந்து பார்த்தால் 25 பின்னந்தலைகளும் டீச்சரின் முகமும்தான் தெரியும். நாள் முழுக்க டீச்சரையே பார்த்துவிட்டு "சூப்பரா எடுத்தீங்க மேம்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். ஒன்று சொல்கிறேன், ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் என் குரலில்கூட கொஞ்சம் தேன் சேர்ந்துவிடும். அதை நம்பாதீர்கள். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரோரமாகக் கீழே பாயில் உட்காருங்கள். அங்கிருந்தால் குழந்தைகளின் முகம் தெரியும், கை தெரியும், நோட்டு தெரியும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். பதிலுக்குச் சிரித்துக்கொண்டே இருக்காமல் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டால் சீக்கிரம் மறந்துவிடுவார்கள்.

நல்ல நேரம் பார்த்து வருவது

பத்து மணிக்கு வந்து பதினொன்றரைக்குக் கிளம்புகிறவர்கள் பார்ப்பது வேறு பள்ளி. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அந்த நேரத்தில் வயிறு நிறைந்து, தலை வாரி, பொட்டு கலையாமல் இருப்பார்கள். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

மதியம் இரண்டரைக்கு இருந்து பாருங்கள். சத்துணவு முடிந்து ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். ஒருவன் விழுந்த பால் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரத்த வாயோடு எதிரில் நிற்பான். "டீச்சர், இவன் என் ரப்பரைக் கடிச்சிட்டான்" என்று ஒரு வழக்கு வரும். ஒரு குழந்தை டிராயரை நனைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதை மற்றவர்கள் கவனிப்பதற்குள் டீச்சர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்ப்பதற்காகவே ஒரு மதியம் வரலாம். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத் தாங்குகிறதா என்று தெரியாமல் இந்த வேலைக்கு வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது.

சாக்லேட்

கொண்டுவராதீர்கள்.

போட்டோ

எடுக்காதீர்கள். முதுகுப்பக்கம் மட்டும் என்றாலும்.

முத்திரை குத்துவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. போன வாரம் வந்த பெண், வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை, என் காதருகே வந்து "மேம், அந்த மூணாவது பையனுக்கு ஏ.டி.எச்.டி.யா?" என்றாள். கவனம் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத கோளாறைச் சொல்கிறாள். அதற்கு முன் வந்தவர், ஒரு சிறுமி 3-ஐத் திருப்பிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு "டிஸ்லெக்சியா போல", அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் குறைபாடு, என்று நோட்டில் எழுதியே வைத்திருந்தார். ஆறு வயதுக் குழந்தை எண்ணையும் எழுத்தையும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பி எழுதுவது சர்வசாதாரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். அப்படியே உண்மையில் ஏதாவது இருந்தாலும், அதைச் சொல்வதற்கு, பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார், அதற்கு மேல் மருத்துவர் இருக்கிறார். யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்தது போதாது.

என் கதையைச் சொல்கிறேன். அப்போது செயல்வழிக் கற்றல் காலம். பெஞ்சு கிடையாது, பாய்தான். சுவர் நெடுகக் குழந்தைகள் உயரத்துக்குக் கரும்பலகை. தட்டுகளில் அட்டைகள் இருக்கும். அவரவர் அட்டையை எடுத்துவந்து அவரவர் வேகத்தில் செய்ய வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். கையில் அட்டை, மடியில் நோட்டு. ஒரு எழுத்து எழுதுவான், எழுந்து குப்பைத்தொட்டிப் பக்கம் போவான், பென்சிலை ஒரு சுற்றுச் சீவுவான், திரும்பி வருவான். மறுபடி எழுந்திருப்பான். முக்கால் மணி நேரத்தில் ஏழு தடவை. நான் எண்ணினேன். எண்ணியதில் பெருமை வேறு. நோட்டில் எழுதினேன்: "ஒரு இடத்தில் உட்காரமாட்டான். கவனம் இல்லை."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டின்போது அதை அந்த வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். புதிதாகப் பார்க்கிற கண்ணுக்கு நிறையத் தெரியும் என்று அவர் நம்பினார். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுபவர், யாராவது ஒன்று சொன்னால் பிடித்துக்கொள்ளத்தானே செய்வார்? மறுநாளிலிருந்து அவனைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவனும் எழுந்திருக்கவில்லை. "பாத்தியாம்மா, சொன்னது சரியாப் போச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் நோட்டில் எதையும் முடிப்பதை நிறுத்தியிருந்தான் என்பது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

மூன்றாவது வாரம், எனக்குப் போடும் நாற்காலியை யாரோ ஆபீஸ் அறைக்கு எடுத்துப்போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் பாயில் உட்கார்ந்தேன், அவன் முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில். எதிர்ச் சுவரில் மெய்யெழுத்துச் சார்ட். அதற்கு முன்னால் இரும்பு பீரோ. நாற்காலியில் இருந்தபோது எனக்கு முழுச் சார்ட்டும் தெரிந்தது. பாயில் உட்கார்ந்தால் கீழ் இரண்டு வரிசை பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறது. ழ, ள, ற, ன எல்லாம் அங்கேதான் இருந்தன. குப்பைத்தொட்டி, பீரோவைத் தாண்டிச் சார்ட்டுக்குக் கீழே.

பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் அட்டை. பழம், கிளி, நாற்காலி, மான். அவனுக்கு முதல் எழுத்து தெரியும். அடுத்தது எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக எழுந்து போயிருக்கிறான். சும்மா எழுந்தால் டீச்சர் திட்டுவார் என்று பென்சில் சீவுவது ஒரு சாக்கு. ஏழு வயதில் அவ்வளவு யோசித்துப் படித்தவனைத்தான் நான் கவனம் இல்லாதவன் என்று எழுதிவைத்திருந்தேன்.

என் நோட்டைப் புரட்டினால், எத்தனை தடவை எழுந்தான் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. என்ன எழுதிக்கொண்டிருந்தபோது எழுந்தான், எங்கே பார்த்தான், திரும்பி வந்து என்ன செய்தான், ஒன்றும் கிடையாது. "கவனம் இல்லை" என்று எழுதியதும் என் கண் வேலையை முடித்துக்கொண்டுவிட்டது. அன்றைக்கே இப்படி எழுதியிருக்கலாம்:

10.12. 'கி' எழுதினான். நிறுத்தினான். எழுந்தான். குப்பைத்தொட்டி. ஒரு சுற்றுச் சீவல். சுவரை அண்ணாந்து பார்த்தான்.
10.13. உட்கார்ந்தான். 'ளி' எழுதினான்.
10.15. 'நா' எழுதினான். எழுந்தான்.

மூன்று வரி போதும், விஷயம் முகத்தில் அறைந்திருக்கும்.

அதனால் இப்போது என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடச் சொல்கிறேன். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, மணி. வலப்பக்கம் நீங்கள் நினைப்பது, அதுவும் கேள்விக்குறியோடு. 'சோம்பல்', 'சுட்டி', 'அடம்', 'மந்தம்' போன்ற சொற்கள் இடப்பக்கம் வரக் கூடாது. வலப்பக்கம் வந்தாலும் ஒரு வாரத்துக்கு யாரிடமும், முக்கியமாக வகுப்பு டீச்சரிடம், சொல்லக் கூடாது. பாதிப் பேர் கோடு போடுகிறார்கள், ஆனால் இடப்பக்கத்திலேயே "ரொம்ப ஆக்டிவ்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆக்டிவ் என்றால் என்ன? குதித்தானா, கை தூக்கினானா, பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினானா?

பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். டீச்சரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி, அன்றே பீரோவை நகர்த்தச் சொல்லி, அவனைப் பழைய இடத்துக்கும் அனுப்பினார். எழுத ஆரம்பித்தான். ஆனால் எதற்காக எழுந்தாலும், முதலில் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான். முன்பு அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவர்கள் ரப்பரை நீங்கள் எடுப்பது

பக்கத்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கை துறுதுறுக்கும். குழந்தை 'ண'வுக்கு ஒரு சுழி குறைத்தால் நீங்கள் அழித்துச் சரியாகப் போட்டுக் கொடுப்பீர்கள். மூன்றாம் நாள் அந்தக் குழந்தை எழுதவே எழுதாது, நோட்டை உங்கள் பக்கம் நீட்டும். விரல் விட்டு எண்ணுகிறவளை "மனசுல எண்ணு" என்பதும் இதே ரகம். அவளுக்கு இப்போது விரல் வேண்டும், வேண்டாம் என்றாகும்போது அவளே விட்டுவிடுவாள்.

மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தலையிடாமல் பார்ப்பதைத்தான் அவர் முறையில் ஆசிரியர் முதலில் பழக வேண்டும். கேட்க எளிது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அரும்பு, மொட்டு, மலர்

"மூணாம் கிளாஸ் பையன் ஏன் ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்களோட இருக்கான், ஃபெயிலா?" என்று அவன் காதில் விழும்படியே ஒருவர் கேட்டார். அடிப்படைப் படிப்பும் கணக்கும் வரவைப்பதற்காகக் கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், வகுப்பைப் பார்க்காமல் குழந்தைக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்துத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரிக்கிறோம். ஒரே பையன் கணக்கில் மலராகவும் தமிழில் அரும்பாகவும் இருப்பான். வருவதற்கு முன் இதையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

'எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும்'

யாருக்குத்தான் பிடிக்காது?

பி.எட். இருந்தால் போதும் என்று நினைப்பது

போதாது. ஒன்று முதல் ஐந்து வரை நடத்த டி.எல்.எட்., அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இது தெரியாமல் பி.எட்.டுக்குப் பணம் கட்டிவிட்டு என் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, குழந்தைகளோடு செய்யும் வேலை என்றால் டீச்சர் வேலை மட்டும் இல்லை. ஒரு நாள் பக்கத்து அங்கன்வாடியில் உட்காருங்கள். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் அவர் கூடவே இருங்கள். வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) நடக்கும் நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு முப்பது பேரை மேய்ப்பது பிடிக்கவில்லை. பேச்சு வராத ஒரே ஒரு குழந்தையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், களைப்பே தெரியவில்லை. இப்போது சிறப்புக் கல்வி படிக்கிறாள்.

சொல்லாமல் போவது

"நாளைக்கு வருவீங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். வரப்போவதில்லை என்றால் வருவேன் என்று சொல்லாதீர்கள். இரண்டு வாரம் வந்தவர் திடீரென்று நின்றுவிட்டால், அதற்குப் பிறகு பத்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்கள், பதில் சொல்வது நான். கடைசி நாள் காலையிலேயே "இன்னைக்கு மட்டும்தான் வருவேன், திங்கக்கிழமையிலேர்ந்து வரமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். போன மாதம் ஒருவர் அப்படித்தான் சொன்னார், கண் கலங்க. "சரி டீச்சர்" என்றார்கள். சொல்லிவிட்டு ரப்பர் சண்டைக்குத் திரும்பிவிட்டார்கள்.