எதுவரை படித்தீர்கள்? இணைய அறிபுனைக் குழுக்களில் வாசகராகக் கலந்துகொள்ளும் முறை

அறிபுனை (அறிவியல் புனைகதை) வாசகர் குழு ஒன்றில் புதிதாகச் சேர்பவர் ஆர்வ மிகுதியில் எழுதும் முதல் பதிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நேற்றுதான் முடித்தேன், அருமையான நாவல்! கப்பலில் இருப்பவர்கள் யாருமே மனிதர்கள் இல்லை என்று தெரியவந்த இடத்தில் உறைந்துபோனேன்." எழுதியவர் தன் மகிழ்ச்சியைப் பகிரத்தான் வந்தார். ஆனால் அதே நாவலைப் பாதி படித்துக்கொண்டிருந்த நாலு பேருக்கு அந்த இடம் இனி கிடைக்காது.

மற்ற வகைக் கதைகளைவிட அறிபுனையில் இந்த இழப்பு பெரிது. துப்பறியும் கதையில் காக்கவேண்டிய ரகசியம் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். அறிபுனையில் அது முதல் இருபது பக்கத்திலேயே இருக்கலாம். இது எந்தக் கோள், எந்த நூற்றாண்டு, கதை சொல்வது மனிதரா இயந்திரமா என்பதையெல்லாம் துண்டு துண்டாகச் சேர்த்து வாசகரே கண்டுகொள்வதுதான் இந்த வகையின் பெரும் சுகம். ஆகவே "முடிவைச் சொல்லவில்லையே" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

எந்தக் குழுவானாலும் பதிவின் முதல் வரியில் மூன்று விவரம் போடுங்கள்: எந்தப் பதிப்பு அல்லது மொழிபெயர்ப்பு, எந்த அத்தியாயம் வரை படித்திருக்கிறீர்கள், முதல் வாசிப்பா மறுவாசிப்பா. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மின்நூல் காட்டும் சதவீதமும் ஏமாற்றும். பின்னிணைப்பு, அருஞ்சொல் பட்டியல், அடுத்த நூலின் முன்னோட்ட அத்தியாயம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்வதால், ஒரு பதிப்பில் கதை 88 சதவீதத்தில் முடிந்துவிடும், இன்னொன்றில் 97 வரை போகும். அத்தியாய எண்தான் ஓரளவு நிலையானது. அத்தியாயமே பிரிக்காத நாவல் என்றால், நீங்கள் நிறுத்திய பத்தியின் முதல் நாலைந்து சொற்களைக் குறிப்பிடுங்கள். நிகழ்ச்சியைக் குறிப்பிட்டால் அதுவே ஸ்பாய்லர் (கதையை முன்கூட்டியே உடைத்துவிடும் தகவல்) ஆகிவிடும்.

மறைப்பது எப்படி

ரெடிட்டில் மறைக்கவேண்டிய வரிக்கு முன்னால் >! என்றும் பின்னால் !< என்றும் போடவேண்டும். தொடக்கக் குறிக்கும் முதல் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். விட்டால், தளத்தின் பழைய தோற்றத்தில் படிப்பவர்களுக்கு மறைப்பு வேலை செய்யாமல் வரி அப்படியே தெரியும். இரண்டு பத்தி எழுதினால் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகக் குறி வேண்டும். தலைப்பில் இந்தக் குறி செல்லாது என்பதால் தலைப்பில் நூல் பெயரும் அத்தியாய எண்ணும் மட்டும் இருக்கட்டும். டிஸ்கார்டில் இருபுறமும் || போட்டால் போதும்.

குறி சரியாகப் போட்டும் கெடுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ஒரு சொல்லை மட்டும் மறைப்பது. "கடைசியில் தளபதியே ||துரோகி|| என்று தெரிகிறது" என்று எழுதினால் மறைத்து என்ன பயன்? முழு வாக்கியத்தையும் மறையுங்கள். இரண்டு, எதைப் பற்றிய மறைப்பு என்று வெளியே சொல்லாமல் விடுவது. "2-ஆம் பாகம், 14-ஆம் அத்தியாயம் வரை" என்று மறைப்புக்கு முன்னால் ஒரு குறிப்பு இல்லையென்றால், அந்தக் கறுப்புப் பட்டையைத் திறக்கலாமா வேண்டாமா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

மறைப்பு வசதியே இல்லாத இடங்களில் பழைய ரசிகர்கள் யூஸ்நெட் (பழைய இணைய விவாதக் குழுக்கள்) காலத்து ராட்-13 முறையை இன்றும் கையாள்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதுவது அது. மொத்தம் 26 எழுத்து என்பதால் இன்னொரு முறை தள்ளினால் மூலம் திரும்பிவிடும். தமிழ்ப் பத்தியை அந்தக் கருவியில் போட்டால் மாறாமல் அப்படியே வெளியே வரும், ஏனென்றால் அது ரோமன் எழுத்துகளை மட்டுமே தொடும். தமிழில் எழுதும்போது வரிக்கு ஒரு புள்ளியாக இருபது வரி இறக்கி, அதற்குக் கீழே விஷயத்தை எழுதுவதே வழி. வெற்று வரிகளைப் பல தளங்கள் சுருக்கிவிடும், அதனால்தான் புள்ளி.

கூட்டு வாசிப்பு

ஒரு நாவலைக் குழுவாகச் சேர்ந்து படிப்பதுதான் இந்த உலகத்துக்குள் நுழைய மிக நல்ல வாசல் என்பது எங்கள் கணிப்பு. 400 பக்க நாவலுக்கு ஐந்து வாரம் சரியாக வரும். சராசரி 80 பக்கம்தான், ஆனால் முதல் வாரத்துக்கு 50 அல்லது 60 பக்கத்துக்கு மேல் வைக்காதீர்கள். புதுப் பெயர்கள், புதுச் சொற்கள், புது விதிகள் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். பாதியில் கழன்றுகொள்பவர்களும் பெரும்பாலும் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். ஒவ்வொரு வார எல்லையையும் அத்தியாய முடிவில் கொண்டுபோய் நிறுத்துங்கள். வாரத்துக்கு ஓர் இழை (ஒரே தலைப்பின் கீழ் தொடரும் உரையாடல்), அதற்கு ஒரு பொறுப்பாளர், மூன்று அல்லது நான்கு கேள்வி. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். "இந்த நகரத்தில் யாருமே கடிகாரம் பார்ப்பதில்லை, கவனித்தீர்களா? ஏன் என்று நினைக்கிறீர்கள்?" என்பதுபோல, பிரதியில் இருக்கிற ஒன்றைச் சுட்டிக் கேளுங்கள்.

மறுவாசிப்பாளர்களுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம் தேவை. "12-ஆம் அத்தியாயம் வரட்டும், அப்புறம் பேசுவோம்" என்பதும் ஸ்பாய்லர்தான். அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டபின் நடுவில் உள்ள அத்தியாயங்களை யாரும் நிதானமாகப் படிக்கமாட்டார்கள். புதிய வாசகர் ஒருவர் ஊகம் சொன்னால், அது சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் விருப்பக் குறிகூடப் போடாதீர்கள். பத்து ஊகங்களில் ஒன்றுக்கு மட்டும் பழைய வாசகர்களின் இதயக் குறி குவிந்தால் விடை அதுதான் என்று குழந்தைக்கும் புரியும்.

அறிவியல் பிழையைச் சுட்டுவது

"இது அறிவியல்படி நடக்காது" என்ற ஒற்றை வரியால் உருப்படியான உரையாடல் எதுவும் தொடங்கியதில்லை. கதை தரும் எண், உங்கள் கணக்கு, எது இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும் என்கிற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். உதாரணமாக, 10 மீட்டர் ஆரமுள்ள சுழலும் நிலையத்தில் பூமியைப் போலவே நடமாடுகிறார்கள் என்று ஒரு கதை சொல்கிறது. அந்த ஆரத்துக்கு பூமி அளவு ஈர்ப்பு கிடைக்க நிமிடத்துக்குச் சுமார் 9.5 சுற்று வேண்டும். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே உள்காது குழம்பி மயக்கம் வரும். அதோடு 1.8 மீட்டர் உயரமுள்ளவரின் தலை சுழல் மையத்துக்கு அருகில் இருப்பதால் காலில் உணரும் ஈர்ப்பைவிடத் தலையில் 18 சதவீதம் குறைவாக இருக்கும். நிமிடத்துக்கு இரண்டே சுற்று போதுமென்றால் ஆரம் 224 மீட்டர் ஆகவேண்டும். இப்படி எழுதினால், "அந்த மயக்கத்தையே கதாசிரியர் இன்னொரு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறாரே" என்று யாராவது பக்கத்தோடு வந்து காட்டுவார்கள். பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடிக்கும்.

கணக்குப் போடும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஒளியைவிட வேகமான பயணத்தைக் கதை தன் விதியாக அறிவித்திருந்தால் அது பிழை அல்ல, ஒப்பந்தம். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு செய்தி போய்ச்சேரவே ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஒளிவேகத்தை மதிப்பதாகச் சொல்லும் கதை அந்த இரண்டு கோள்களுக்கும் நடுவே தொலைபேசி உரையாடல் வைத்தால் அது பிழை. தன் விதியைத் தானே மீறும் கதையோடு சண்டை போடுங்கள், நியாயம் உண்டு.

எப்போதோ படித்த கதையைத் தேடுவது

பெயர் மறந்த கதையைக் கண்டுபிடித்துத் தருவதில் அறிபுனை ரசிகர்களை மிஞ்ச ஆளில்லை. ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தின் அறிபுனைப் பிரிவில் இதற்கென்றே 'ஸ்டோரி ஐடென்டிஃபிகேஷன்' என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. கேள்வியில் இருக்கவேண்டியவை:

- எந்த ஆண்டுவாக்கில், எந்த மொழியில் படித்தீர்கள்
- சிறுகதையா நாவலா, தொகுப்பிலா இதழிலா
- அட்டையின் நிறம், படம்
- கதையில் நினைவிருக்கும் காட்சிகள், முடிவு உட்பட
- இதுவாக இருக்குமோ என்று பார்த்து, இல்லை என்று தள்ளிய நூல்கள்

உறுதியாகத் தெரிந்ததையும் மங்கலாக நினைவிருப்பதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். தேடுபவர்களைத் திசைதிருப்புவது இந்தக் கலப்புதான். படித்த ஆண்டைக் கதை வெளியான ஆண்டு என்று நினைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். தொகுப்புகள் பழைய கதைகளை மறுபடி மறுபடி அச்சிடுவதால், 1990-ல் படித்த கதை 1950-ல் எழுதப்பட்டதாக இருக்கலாம். நீங்கள் படித்த ஆண்டு மேல் எல்லை மட்டுமே.

ஒரு கேள்வியில் ஒரு கதை. விடை சரி என்றால் பச்சைக் குறி போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள், கேட்டவரைத் தவிர வேறு யாரும் அதைப் போட முடியாது. அந்தத் தளத்தில் பிறர் பதிவுக்குக் கீழே கருத்து எழுத 50 புள்ளி வேண்டும். புதியவர்கள் புள்ளி இல்லாமல் "எனக்கும் இதே கேள்வி" என்று விடைப் பெட்டியில் எழுதிவிடுகிறார்கள், அது நீக்கப்படும்.

தரவுத்தளத்தில் உழைப்பது

பேச்சில் கூச்சம் உள்ளவர்களுக்கு 1995 முதல் இயங்கிவரும் ஐஎஸ்எஃப்டிபி (இணைய அறிபுனைத் தரவுத்தளம்) ஏற்ற இடம். நூல்கள், கதைகள், பதிப்புகள், அட்டை ஓவியர்கள் எல்லாவற்றையும் தன்னார்வலர்களே பதிகிறார்கள். கையில் நூல் இருந்தால் போதும். ஒரு படைப்பும் அதன் ஒரு குறிப்பிட்ட பதிப்பும் அங்கே வேறுவேறு பதிவுகள், முதலில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். காப்புரிமைப் பக்கத்தில் 10 முதல் 1 வரை எண் வரிசை இருந்தால் அதிலுள்ள மிகச் சிறிய எண்தான் பொதுவாக அச்சு எண். 1, 2 இல்லாமல் 3 வரை மட்டும் இருந்தால் அது மூன்றாம் அச்சு. ஆசிரியர் பெயரை நூலில் அச்சாகியிருக்கிறபடியே எழுதுங்கள், பிழை போலத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். ஓவியர் பெயர் நூலில் இல்லையென்றால் பாணியைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. இன்னொருவர் தன் கைப்பிரதியை வைத்துச் சரிபார்த்த பதிவை மாற்றுவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். அனுப்பும் மாற்றத்தை மட்டுறுத்துநர் பார்த்த பிறகே அது ஏறும், உடனே தெரியவில்லை என்று திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம்.

வாக்களிப்பது

அறிபுனைக்கான ஹியூகோ விருது 1953-ல் தொடங்கியது. அதற்கு நடுவர் குழு கிடையாது, வேர்ல்ட்கான் என்ற உலக அறிபுனை மாநாட்டின் உறுப்பினராகும் வாசகர்களே வாக்களிக்கிறார்கள். கட்டணம் உண்டு, நேரில் போகவேண்டியதில்லை. பரிந்துரைச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஐந்து படைப்பு வரை எழுதலாம், இறுதிப் பட்டியலில் ஆறு வரும். நீளத்தைக் கவனியுங்கள்: 7,500 சொல்லுக்குள் சிறுகதை, 17,500 வரை நாவலெட், 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல். ஆங்கிலம் அல்லாத மொழியில் வந்த படைப்பும் தகுதியுள்ளது, பிறகு முதன்முறை ஆங்கிலத்தில் வரும்போது இன்னொரு வாய்ப்பும் உண்டு.

இறுதி வாக்கில் 1, 2, 3 என்று வரிசை எண் இடவேண்டும். 'விருது இல்லை' என்பதும் ஒரு தேர்வு, அதற்கும் எண் இடலாம். பாதி படித்து நிறுத்திய நாவலை எங்கே வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். பாதியில் நிறுத்தியதும் ஒரு தீர்ப்புதான், கூச்சமில்லாமல் கீழே வையுங்கள். எதையுமே படிக்காத பிரிவை அப்படியே காலியாக விட்டால் மற்றப் பிரிவுகளில் உங்கள் வாக்கு செல்லும்.