துவக்குப் பிடங்கின் றப்பரை மாற்றும்போது விடும் பிழைகள்

தம்பலகாமத்தில் வயல் காவலுக்கு லைசென்ஸ் துவக்கு வைத்திருக்கும் என் மச்சான் போன மாரியில் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். நாவற்பழ நிறம். பிடங்கின், அதாவது தோளில் வைத்து அழுத்தும் மரக்கட்டையின், பின்னால் இருந்த றப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது, நகம்கூடப் பதியவில்லை. தடித்த றப்பர் போட்டால் உதை குறையும்தானே என்று ஒரு அங்குல றப்பரை வாங்கிப் பூட்டிவிட்டார். பழையது அரை அங்குலம். அப்புறம் தூக்கும் நேரமெல்லாம் பிடங்கு அக்குளில் சிக்கியது. பன்றி வரம்பு தாண்டிப் போய்விட்டது.

பெரிய பிழை இதுதான், அளக்காமல் பூட்டுவது. உள்ளே தோட்டா இல்லை என்று துவக்கின் தோட்டா அறையைத் திறந்து பார்த்துவிட்டு, விசையிலிருந்து பிடங்கின் பின்முனை நடுவரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு அக்கம்பக்கம் இருக்கும். அந்த நீளம் உங்களுக்குச் சரி என்றால், புது றப்பர் எவ்வளவு கூடத் தடிப்போ அவ்வளவு மரம் போக வேண்டும். மாஸ்கிங் டேப் சுற்றி, பல் நெருக்கமான வாளால், பழைய சாய்வு மாறாமல் வெட்டுங்கள். சாய்வு பிசகினால் பிடங்கு தோளில் வழுக்கும்.

வெட்டிய முகத்தைப் பச்சையாக விடுவது அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மரம் தண்ணீர் குடித்து ஊதும். வார்னிஷ் பூசிக் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும். பழைய ஸ்க்ரூ ஆணித்துளை புது றப்பருக்குப் பொருந்தாவிட்டால் தீக்குச்சி திணிக்காதீர்கள். வைர மரக் குச்சியைப் பசையோடு அடித்து, புதிதாகத் துளையுங்கள்.

றப்பரின் வெளிமுகத்தில் துளை இல்லையே என்று சிலர் பெரிதாகத் தோண்டிவிடுகிறார்கள். உள்பக்கத்திலிருந்து ஆணியைத் தள்ளினால் வெளியே சின்னதாகப் புடைக்கும், அங்கே பிளேட் நுனியால் ஒரு கீறல் போதும். வாஸ்லைன் தடவிய உருண்டைத் தண்டு ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய் வரும், கீறல் தானே மூடிக்கொள்ளும். தட்டை முனை உள்ளதைப் போட்டால் றப்பர் கிழியும்.

சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் றப்பரைப் பிடங்கில் வைத்தே தேய்ப்பதும் வேண்டாம், மரத்தின் பூச்சு போய்விடும். ஓரத்தைக் கோடிட்டு, கழற்றித் தேயுங்கள். முதல்நாள் இரவு ஃப்ரீசரில் வைத்த றப்பர் இழுபடாமல் தேயும். (வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்.)

துவக்கு எண்ணெய் றப்பருக்கு ஆகாது. எண்ணெய் போட்ட துவக்கைக் குழாய் மேலே பார்க்க நிறுத்தினால் அது வழிந்து மரத்துக்கும் இறங்கும்.

மச்சானின் பிடங்கில் அரை அங்குலம் வெட்டியாயிற்று. அந்தத் துண்டு இப்போது அவர் வீட்டுக் கதவுக்கு ஆப்பு.